குழாய் முனையில் நின்ற கண்காணிப்பு: கடலூரிலிருந்து கழிவுநீர்ச் சட்டங்களின் வரலாறு



2017ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில் ஒரு தீர்ப்பு அளித்தது. உள்ளாட்சி அமைப்புகள் மூன்று ஆண்டுகளுக்குள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்து இயக்கியாக வேண்டும், பணம் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லக் கூடாது, நிறைவேறுகிறதா என்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் கண்காணிக்கும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, மார்ச்சில், கடலூர் நகரத்தில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள்.

தீர்ப்பில் அந்த மூவரைப் போன்றவர்களுக்கு இடமில்லை. அது ஆற்று நீரைப் பற்றிய வழக்கு. மூவரின் சாவு குறித்த விசாரணையில் சுத்திகரிப்பு நிலையத்திற்கு இடமில்லை. அது விபத்து வழக்கு. ஆனால் வீட்டுக் கழிப்பறையில் தொடங்கி, தெருவுக்கடியில் ஓடி, உந்து நிலையத்தில் ஏறி, சுத்திகரிப்பு நிலையத்தில் முடிகிற ஒரே குழாயைப் பற்றியவைதாம் இரண்டும். நம் அரசு அந்தக் குழாயின் கடைசி முனையில் மட்டும் நின்று கண்காணிக்கப் பழகியிருக்கிறது. நடுவில் இருக்கிற குழிகளைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. இந்தக் குருட்டுத்தனம் எப்படி உண்டானது என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

1. நகராட்சி வந்தபோது யார் வந்தார்கள்

கடலூர் நகராட்சி 1866இல் உருவானது. சிதம்பரம் நகராட்சி 1873இல். சென்னை மாகாணத்தின் பழைய நகராட்சிகளில் இவை சேரும். காலனி அரசு காலராவுக்கு அஞ்சியது. படைவீடுகளும் துறைமுகங்களும் சுத்தமாக இருந்தாக வேண்டும் என்று விரும்பியது. அதற்காகச் சுகாதார ஆணையங்களை அமைத்தது, விதிகளை எழுதியது. ஆனால் மலத்தை அள்ளுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதையும் அது ஊர்களுக்குக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே சாதி பிரித்து வைத்திருந்த மனிதர்களைச் சம்பளப் பட்டியலில் ஏற்றியது. ஊர்த் தொழில் நகராட்சி உத்தியோகமானது. தோட்டி என்ற சொல் அலுவலகக் கோப்புக்குள் நுழைந்தது.

சட்டம் கண்காணித்தது யாரை? அம்பேத்கர் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். 1911ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டமும் 1916ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிச் சட்டமும், துப்புரவுத் தொழிலாளி வேலையை விட்டு நின்றால் அதைக் குற்றமாக்கின. வேறு தொழிலில் வேலையை விடுவது ஒருவரின் உரிமை. இந்தத் தொழிலில் அது தண்டனைக்குரிய செயல். நகரச் சுகாதாரத்தின் மீது வந்த முதல் கண்காணிப்பு, மலம் எங்கே போகிறது என்பதைப் பார்க்கவில்லை. மலம் அள்ளுகிறவர் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டது.

விடுதலைக்குப் பிறகு குழுக்கள் வந்தன. பம்பாய் அரசு 1949இல் அமைத்த பார்வே குழு 1952இல் அறிக்கை தந்தது. மத்திய அரசு அமைத்த மல்கானி குழு 1960இல் அறிக்கை தந்தது. தேசியத் தொழிலாளர் ஆணையத்தின் கீழ் பாண்டியா குழு 1968இல் துப்புரவுத் தொழிலாளர்களின் பணி நிலையை ஆராய்ந்தது. தலையில் கூடை சுமப்பது ஒழிய வேண்டும், தள்ளுவண்டி தர வேண்டும், நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை வர வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள் எழுதப்பட்டன. அவற்றின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. தொழில்நுட்பம் வந்தால் தொழில் ஒழியும்; எடுப்புக் கழிப்பறை போய்ப் பாதாளச் சாக்கடை வந்தால் மலத்தைத் தொட மனிதர் தேவைப்பட மாட்டார் என்ற நம்பிக்கை. குழாய் வந்த ஊர்களில் கூடை போனது உண்மை. மனிதர் தெருவிலிருந்து தெருவுக்கு அடியில் போனார் என்பதும் உண்மை.

2. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள்

இந்த இடத்தில் நம் மாவட்டத்து மனிதர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த ஐயா எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. தீண்டாமை பற்றியும், பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலை பற்றியும் நாடு முழுவதும் ஆராய்ந்த அந்தக் குழு 1969இல் அறிக்கை தந்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஏட்டில் இருக்கிறது, ஊரில் இல்லை என்பதை அந்த அறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. அப்போது சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரைத் துப்புரவு வேலைக்கும் செத்த விலங்கை அகற்றும் வேலைக்கும் கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்றது. தொழிலாளி வேலையை விட்டால் தண்டனை என்றிருந்த சட்ட மரபு தலைகீழானது. கட்டாயப்படுத்துகிறவருக்குத் தண்டனை என்று எழுதப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1974இல், நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருந்தது. இந்தியாவின் முதல் பெரிய சுற்றுச்சூழல் சட்டம் அது. அதன்படி கழிவுநீரை வெளியேற்றும் எவரும், நகராட்சி உட்பட, 25ஆம் பிரிவின் கீழ் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற வேண்டும். வாரியம் எந்நேரமும் உள்ளே நுழைந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், வழக்குத் தொடரலாம்.

1974இன் சட்டம் நீருக்கு. 1976இன் திருத்தம் மனிதருக்கு. முதலாவதை நடத்தியவர்கள் பொறியாளர்கள், வேதியியலாளர்கள். இரண்டாவதை நடத்த வேண்டியவர்கள் காவல்துறையினர், ஆதிதிராவிடர் நலத்துறையினர். இரண்டும் வேறு வேறு அமைச்சகங்களில், வேறு வேறு அலமாரிகளில் உட்கார்ந்தன. ஒரு நகரத்தின் கழிவுநீரை எடுத்துக்கொண்டால் அது நீர்ப் பிரச்சினையும் சாதிப் பிரச்சினையும் ஆகும் என்று சொல்லும் ஒரு வரியும் இரண்டிலும் இல்லை.

நீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில வாரியத்தில் யார் யார் உறுப்பினர் என்று அது சொல்கிறது. அரசு அதிகாரிகள் இருப்பார்கள். உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து ஐவர் வரை இருக்கலாம். அரசு நிறுவனங்களின் சார்பில் இருவர். விவசாயம், மீன்பிடித் தொழில், ஆலை, வணிகம் ஆகியவற்றின் சார்பில் மூவர் வரை. மீனுக்காகப் பேச ஒருவர் உண்டு. கழிவுநீரில் கழுத்தளவு நின்றவருக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

3. 20, 30, 10: எண்களின் கதை

சுத்திகரிப்பு நிலையத்தை வாரியம் எப்படிக் கண்காணிக்கிறது? முதன்மையாக ஓர் எண்ணைக் கொண்டு. அதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். ஆய்வகங்களில் பிஓடி என்பார்கள். ஒரு லிட்டர் நீரில் இருக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே அந்த எண். வீட்டுக் கழிவுநீரில் அது 200, 300 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். அதைக் குறைப்பதுதான் நிலையத்தின் வேலை. சல்லடையில் குப்பையைத் தடுத்து, மணலைத் தங்கவிட்டு, தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து, சேற்றைப் பிரித்து, கிருமி நீக்கி வெளியே விடுவார்கள். காற்றூதும் இந்த முறை 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவானது.

எண்ணும் அங்கிருந்து வந்ததே. பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912இல் தன் எட்டாவது அறிக்கையில், ஆற்றில் விடும் நீரில் பிஓடி 20க்கும் மிதக்கும் திடப்பொருள் 30க்கும் மிகக் கூடாது என்றது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: விடப்படும் நீரைப்போல் எட்டு மடங்கு நல்ல நீராவது ஆற்றில் ஓட வேண்டும். ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் கெடிலத்தில் மழைக்காலம் போனால் மணல்தான். நகரம் விடும் கழிவுநீரே பல இடங்களில் ஆறாக ஓடும்.

இந்தியா வெப்பநாடு என்பதால் ஐந்து நாள் சோதனையை மூன்று நாளாக்கி, 27 டிகிரியில் செய்யும் முறைக்கு மாற்றிக்கொண்டோம். பிஓடி 30 என்பது நெடுங்காலம் ஆற்றில் விடுவதற்கான அளவாக இருந்தது. 2015இல் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது; அதில் 10 என்று இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கை பின்வாங்கியது. பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்றது. 2019 ஏப்ரல் 30 அன்று பசுமைத் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், எல்லா ஊர்களுக்கும் 10 என்ற அளவை வலியுறுத்தியது. நிபுணர் குழுக்கள் கூடின, வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள், ஐஐடி பேராசிரியர்கள் கருத்துச் சொன்னார்கள்.

இந்த விவாதம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. கெடிலமும் உப்பனாறும் சாகக் கூடாது. தேவனாம்பட்டினத்து மீனவர்களும் நாமும் ஒரே நீரைத்தான் நம்பியிருக்கிறோம். நான் சொல்வது வேறு. 20 மில்லிகிராம் வித்தியாசத்துக்கு நாட்டின் உயர்ந்த மன்றங்கள் ஆண்டுக்கணக்கில் நேரம் கொடுத்தன. இந்த நீர் நிலையத்துக்கு வந்துசேர எத்தனை பேர் குழிக்குள் இறங்கினார்கள் என்ற எண்ணை, எந்த இசைவாணையும் எந்த மாதாந்திரப் படிவமும் கேட்கவில்லை.

4. அரசு அரசைக் கண்காணித்தால்

நீர்ச் சட்டம் 1974இல் வந்தாலும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் உருவானது 1982 பிப்ரவரி 27 அன்றுதான். பிறந்த நாள் முதலே அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. தனியார் ஆலை விதியை மீறினால் 33ஏ பிரிவின் கீழ் மூடச் சொல்லலாம், மின்சாரத்தைத் துண்டிக்கலாம். 1988இல் வந்த அதிகாரம் அது. ஆனால் நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மின்சாரத்தை வெட்டினால் என்ன ஆகும்? காற்றூதி நிற்கும், பம்பு நிற்கும், மலநீர் தெருவில் வழியும். வாரியத்தின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் நகராட்சியிடம் பயன்படாது.

வழக்குப் போடலாமே? ஒரு துறையின் அதிகாரி இன்னொரு துறையின் அதிகாரியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். கட்டியது குடிநீர் வடிகால் வாரியம், இயக்குவது நகராட்சி, வேலை செய்வது ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்திருக்கும். நகராட்சி ஆணையரைத் தண்டிக்க முடியுமா என்ற கேள்வியே நெடுங்காலம் நீதிமன்றங்களில் இழுபட்டது. கர்நாடக மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொண்டுபோன வழக்கில், நகராட்சியும் சட்டத்தின் பார்வையில் ஒரு நிறுவனமே, அதன் பொறுப்பாளர்களை வழக்கில் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2019இல். சட்டம் வந்து 45 ஆண்டுகள் கழித்து.

இத்தனைக்கும் 1980லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டார். அந்த வழக்கை நடத்தியவர்கள் ஒரு தெருவாசிகள். சாக்கடை நாற்றத்துக்கு எதிராகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். கண்காணிப்பு அரசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தபோது அதை நகர்த்தியவர்கள் வெளியே இருந்த மக்கள்.

விளைவு என்ன? மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் கழிவுநீர் 642.1 கோடி லிட்டர். நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 149.2 கோடி லிட்டர். கால்வாசிக்கும் குறைவு. இந்திய அளவில் கட்டி முடித்த நிலையங்களிலும் மூன்றில் இரண்டு பங்குத் திறனே பயன்பட்டது. குழாயின் கடைசி முனையில் மாதிரி எடுத்தால் எண் சரியாக இருக்கலாம். நிலையத்துக்கு வராமலேயே வாய்க்காலில் போகும் நீர் அந்த மாதிரிப் பாட்டிலுக்குள் வராது.

இதற்கிடையில் 2024இல் நாடாளுமன்றம் நீர்ச் சட்டத்தைத் திருத்தியது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாக்கியது. முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு இது பொருந்தும். மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் ஏற்கலாம். நகராட்சி கட்டும் அபராதம் யார் பணம்? வரி கட்டும் மக்களின் பணம். செலவைக் குறைக்க வேண்டுமானால் முதலில் குறைவது எது? இயந்திரமும் கூலியும். அபராதமாக மாறிய கண்காணிப்பு, கடைசியில் குழிக்குள் இறங்குகிறவர் தலையில்தான் இறங்கும்.

5. ஒரே ஆக்சிஜன்

கொஞ்சம் வேதியியல் பேசுவோம். கடலூர் கடலோரச் சமநிலம். இங்கே குழாய்க்குச் சரிவு கிடைப்பது கடினம். சரிவு இல்லாத குழாயில் கழிவுநீர் மெதுவாக நகரும். மணலும் துணியும் நாப்கினும் நெகிழியும் படியும். தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தின்று தீர்க்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை வெளியிடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட அந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கமும் மரணமும். ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார்; அவரைத் தூக்க மூன்றாமவர். சாக்கடைச் சாவுகள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக நடப்பதற்குக் காரணம் இதுதான். தோழமை அங்கே உயிரைக் கேட்கிறது.

இப்போது இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரியத்தின் வேதியியலாளர் பாட்டிலில் அளப்பது நீரின் ஆக்சிஜன் பற்றாக்குறையை. குழிக்குள் மனிதரைக் கொல்வதும் அதே நீரின் ஆக்சிஜன் பற்றாக்குறை. குழாய் அடைத்துக்கொள்வது, பம்பு நிற்பது, நிலையத்துக்கு நீர் வராமல் போவது, மனிதரை இறக்குவது, அவர் சாவது ஆகிய எல்லாம் பராமரிப்பு என்ற ஒரே சங்கிலியின் கண்ணிகள். பராமரிக்காத அமைப்பு ஆற்றையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அப்படியிருக்க நீரின் ஆக்சிஜனுக்கு ஒரு வாரியமும் ஆய்வகமும் தீர்ப்பாயமும் இருக்கின்றன. மனிதரின் ஆக்சிஜனுக்கு, செத்த பிறகு வரும் காவல்நிலையம் மட்டும் இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்றே எழுதப்பட்டது. இறந்தவர்கள் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவைச் சேர்க்கப் போராட வேண்டியிருக்கிறது.

இதற்கென்று சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பறையை மட்டும் பார்த்தது, சாக்கடையைப் பார்க்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்தது. 7ஆம் பிரிவு அபாயகரமான முறையில் சுத்தம் செய்யவைப்பதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் அபாயகரமான முறை என்பதற்கு அது தரும் விளக்கம், பாதுகாப்புச் சாதனங்கள் தராமல் இறக்குவது என்பதே. சாதனம் தந்தால் இறக்கலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. அதன் விதிகள் 44 வகைச் சாதனங்களைப் பட்டியலிடுகின்றன. அந்த 44ஐயும் ஒரு சேர எந்த நகராட்சிக் கிடங்கிலாவது பார்த்திருக்கிறீர்களா?

2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாக்கடைச் சாவுக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமானது. 1993 முதல் இத்தகைய சாவுகளின் பட்டியலில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படியே 200க்கும் மேல். நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை எடுத்த கணக்கெடுப்பில், இந்த வேலையில் இருப்பவர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தில்லைக் கோயிலுக்குள் நுழைய நந்தனுக்குத் தடை இருந்த ஊர் நம்முடையது. சாக்கடைக் குழிக்குள் நுழைய நந்தனின் பிள்ளைகளுக்கு யாரும் தடை போடவில்லை.

சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகும்போது குழிகளும் பெருகுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கட்டடங்களுக்குச் சொந்தச் சுத்திகரிப்பு வசதி கட்டாயமான பிறகு, அடுக்ககங்களிலும் விடுதிகளிலும் அந்தத் தொட்டிகளுக்குள்ளேயே ஆட்கள் சாகிறார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நாம் வரவேற்கும் ஒவ்வொரு நிலையத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி, இதைச் சுத்தம் செய்யப்போவது யார் என்பது.

6. சிப்காட் கிராமங்கள் கற்றுத்தந்தது

மக்களே கண்காணிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கடலூரே பதில் வைத்திருக்கிறது. 1980களில் உப்பனாற்றங்கரையில் வந்த சிப்காட் ரசாயன ஆலைகளால் குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி முதலிய கிராமங்கள் நாற்றத்தில் மூழ்கின. வாரியத்தின் அதிகாரி வரும்போது நாற்றம் இருக்காது. இரவில் வரும். 2004 முதல் அந்தக் கிராமத்து மக்கள் சிலர் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரம், எந்தத் திசை, என்ன மாதிரியான நாற்றம், கண் எரிந்ததா, மூச்சு அடைத்ததா என்று நாள்தோறும் எழுதிவைத்தார்கள். வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். புகார் என்று ஒதுக்கப்பட்டது பதிவேடாக மாறியது. 2009இல் மத்திய வாரியமே தன் மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45 என்று மதிப்பிட்டு, மிக மோசமாக மாசடைந்த பகுதிகளில் சேர்த்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. 2025 மே 15 அன்று சிப்காட்டில் ஒரு தனியார் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, சாய நீர் குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்து மக்களைக் காயப்படுத்தியது. தொட்டியிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று பார்க்கும் கண்காணிப்புக்கு, தொட்டியின் சுவர் தாங்குமா, அதன் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை. நகராட்சி நிலையத்திலும் ஆலையிலும் குறை ஒன்றே. நீருக்கு அளவுகோல் உண்டு, அருகிலிருக்கும் மனிதருக்கு இல்லை.

7. நாம் கேட்க வேண்டிய தாள்கள்

ஆகவே மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேலைத்திட்டம் சொல்கிறேன். ஒவ்வோர் ஊரிலும் ஐந்து ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, சுத்திகரிப்பு நிலையத்தின் இசைவாணை. நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி, நிபந்தனைகள் எழுதிய பதிவேட்டை, அதனால் பாதிக்கப்படும் எவரும் வாரிய அலுவலகத்தில் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே இருந்த உரிமை இது. நாம்தான் பயன்படுத்தவில்லை. இரண்டாவது, நிலையத்துக்கு நாள்தோறும் வந்துசேரும் நீரின் அளவும் ஆய்வக அறிக்கைகளும். வரும் நீர் திடீரென்று குறைந்த நாளில் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது. அந்த அடைப்பை எடுத்தது இயந்திரமா ஆளா என்று கேளுங்கள். மூன்றாவது, ஆளை இறக்க அதிகாரி தந்த எழுத்துமூல அனுமதி. தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும், உள்ளாட்சித் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்தால்தான் ஒருவர் இறங்கலாம் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிகள். அந்தத் தாள் இல்லாமல் நடந்த ஒவ்வோர் இறக்கமும் சட்டமீறல். நான்காவது, 24ஆம் பிரிவின் கீழ் அமைந்த மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள். ஐந்தாவது, ஒப்பந்ததாரரோடு போட்ட ஒப்பந்தம். அதில் எந்த இயந்திரம், எத்தனை ஆள், என்ன கூலி என்று இருக்கும்.

இந்த ஐந்தையும் ஒரே மேசையில் வைத்தால், ஐம்பது ஆண்டுகளாகத் தனித்தனி அலமாரியில் இருந்த இரண்டு சட்டங்களும் முதல்முறையாகச் சந்திக்கும்.

அதன் பிறகு கோரிக்கைகள். குழாய்வலைப் பராமரிப்பும் சுத்திகரிப்பு நிலையத்தின் பகுதியே என்று கொண்டு, அடைப்பு எடுக்கும் இயந்திரங்களும் வாயு அளக்கும் கருவியும் இருந்தால்தான் இசைவாணை புதுப்பிக்கப்படும் என்று நிபந்தனை வர வேண்டும். ஆள் இறங்கிய ஒவ்வொரு நிகழ்வும் பிஓடி எண்ணோடு அதே படிவத்தில் வாரியத்துக்குப் போக வேண்டும். நீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மாநில அரசு பொருத்தமெனக் கருதும் பிற நலன்களுக்கும் வாரியத்தில் இடம் தரலாம் என்கிறது. அந்த இடத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி உட்கார வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம், அரசாணை போதும். வாரியம் அசையாவிட்டால் 49ஆம் பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்பு தந்து எந்தக் குடிமகனும் நேரே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம்.

இளையபெருமாள் குழு செய்த வேலை என்ன? சட்டம் இருக்கிறது என்று தில்லி நம்பிக்கொண்டிருந்தபோது, ஊர் ஊராகப் போய் அது இல்லை என்று பதிவு செய்தது. அந்தப் பதிவிலிருந்துதான் 1976இன் திருத்தம் வந்தது. குழாய் முனையில் நிற்கும் கண்காணிப்பைக் குழியின் வாய்க்கு நகர்த்தவும் அப்படியொரு பதிவுதான் தேவை. கடலூர் மாநகராட்சியிலும் சிதம்பரம் நகராட்சியிலும் அந்த ஐந்து தாள்களைக் கேட்டு முதல் மனுக்களை எழுத, கூட்டம் முடிந்ததும் இங்கேயே சிலர் சேர்ந்து உட்காருங்கள்.